கனத்துப்போன ஸ்டியரிங்



தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவருள் நிலத்தோடு உறவு அறாதவர்கள் பலர். கொள்ளேகாலத்திலும் சித்தூரிலும் பாலக்காட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வருவோர் உளர். பிழைப்பை நாடி வடக்கே சென்று, பண்ணைகளில் யந்திரம் ஓட்டுவோரும் பட்டறைகளில் பழுது பார்ப்போரும் உளர். இவர்களில் பெரும்பாலோர் கைக்கு வந்து சேர்வது புத்தம் புதிய டிராக்டர் அன்று. பல்லாண்டு உழைத்து, இரண்டு மூன்று கை மாறிய பழைய டிராக்டரே. அத்தகைய வண்டிகளில் அடிக்கடி தோன்றும் ஒரு குறையைக் குறித்து இன்று நாம் ஆராய்வோம். பவர் ஸ்டியரிங் பலம் குன்றி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓட்டுபவரின் தோள் நோகும் நிலையே அக்குறையாகும்.

இது சிறு தொல்லைதானே என்று எண்ணுவோர் உண்டு. உழவுசாலில் அது சிறு தொல்லையாக இருக்கலாம். ஆனால், கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு பெருஞ்சாலையில் செல்லும்போது, எதிரே வரும் லாரிக்கு ஒதுங்க வேண்டிய கணத்தில் சக்கரம் திரும்ப மறுத்தால், அது உயிருக்கே உலையாகிவிடும். பொருளிழப்பும் உண்டு. பட்டறைக்குச் சென்றவுடன், பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பே பெரும்பாலும் முதலில் கிடைக்கின்றது. பெருந்தொகை கொடுத்துப் பம்பை மாற்றிய பிறகும் ஸ்டியரிங் முன்போலவே கனத்திருந்தால் அந்த உழவர் யாரிடம் முறையிடுவார்? ஆகவே, பம்பைக் கடைசியாகச் சந்தேகியுங்கள் என்பதே இப்பேச்சின் சாரம். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, படிப்படியாக உள்ளே செல்வதே முறை.

முதற்கண் இந்தப் பொறி வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வோம். அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அவ்விதியே இதற்கு அடிப்படை. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தனது இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் டிராக்டர்களுக்கும் அது பரவியது. நம் நாட்டில் 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டரும், அதனையடுத்துச் சென்னையில் டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குஸன் டிராக்டரும் உருவாகத் தொடங்கிய காலத்தில், உழவர் தம் கைவலிமையைக் கொண்டே சக்கரத்தைத் திருப்பினர். பவர் ஸ்டியரிங் நம் வயல்களில் பரவலானது பல்லாண்டுகளுக்குப் பின்னரே.

இன்று பழைய வண்டிகளில் நாம் காண்பவை இரு வகை. முதல் வகையில், ஸ்டியரிங் தண்டும் பற்சக்கரப் பெட்டியும் இணைப்புக் கம்பிகளும் வழக்கம்போல் இருக்கும். எண்ணெயின் விசை அவற்றுக்குத் துணை மட்டுமே செய்யும். இரண்டாம் வகையில், ஓட்டுபவர் பிடிக்கும் வளையத்துக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தொடர்பு எதுவும் இல்லை. வளையத்தின் அடியில் ஆர்பிட்ரால் எனப்படும் பகிர்வுப் பொறி இருக்கின்றது. பம்ப் அனுப்பும் எண்ணெயை, வளையம் திரும்பும் அளவுக்கு ஏற்ப அளந்து, முன் அச்சில் உள்ள சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கோ மறுபக்கத்துக்கோ அது அனுப்புகின்றது. சிலிண்டரின் தண்டு நகர்கின்றது, சக்கரங்கள் திரும்புகின்றன. ஹைட்ரோஸ்டாட்டிக் எனப்படும் இவ்வகையே இப்போது மிகுதி. ஆதலால் அதனையே முதன்மையாகக் கொண்டு பேசுவோம்.

ஒரு சிறு கணக்கு இதன் ஆற்றலை விளக்கும். 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என வைத்துக்கொண்டால், தள்ளும் விசை 1,960 கிலோ ஆகின்றது. அழுத்தம் பாதியாகக் குறைந்தால் விசையும் பாதியாகிவிடும். எஞ்சியதை ஓட்டுபவரின் கை ஈடுசெய்ய முயல்கின்றது. அழுத்தம் எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிப்பதே நாம் செய்ய வேண்டிய வேலை. ஆனால், அழுத்தம் சிறிதும் குறையாமலே, திருப்ப வேண்டிய பாரம் கூடியிருந்தாலும் கை கனக்கும் என்பதை மறக்கலாகாது.

கைதேர்ந்த வைத்தியர் மருந்துப் பையைத் திறக்குமுன் நோயாளியிடம் சில கேள்விகள் கேட்பார். நாமும் வண்டியைக் குறித்துச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கனம் இருபக்கமும் உள்ளதா, ஒருபக்கம் மட்டுமா? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, இரண்டு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகா? எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டுமா, வேகம் கூட்டினாலுமா? நாளடைவில் வந்ததா, ஒரே நாளில் வந்ததா? உறுமல் ஒலியோ எண்ணெயில் நுரையோ உண்டா?

இவற்றின் விடைகளில் பாதி நோய் வெளிப்பட்டுவிடும். மெதுவான ஓட்டத்தில் கனத்து, வேகம் கூட்டினால் இலேசாகின்றது என்றால், எண்ணெய் போதிய அளவு வரவில்லை என்று பொருள். குளிர்ந்த நிலையில் நன்றாயிருந்து, சூடேறியதும் தளர்ந்துபோனால், தேய்ந்த பாகங்களின் இடுக்குகளில் இளகிய எண்ணெய் கசிகின்றது என்று கொள்ளலாம். இதற்கு மாறாக, பஞ்சாபின் மார்கழிக் காலையில் கனத்து, வெயில் ஏறியதும் சரியாகுமானால், எண்ணெய் அளவுக்கு மிஞ்சித் தடித்திருக்கின்றது; அல்லது உறிஞ்சும் வழியில் அடைப்பு இருக்கின்றது. ஒருபக்கம் மட்டும் கனக்குமாயின் பம்பின் மீது பழி போடுதல் கூடாது. பம்ப் இருபக்கத்துக்கும் பொதுவானது. அது ஒருபக்கத்துக்கு மட்டும் வஞ்சனை செய்வதில்லை. ஒற்றைத் தண்டு உடைய சிலிண்டரில், தண்டு உள்ள பக்கத்தில் பிஸ்டனின் பரப்பு குறைவாதலால், இருபக்கத்துக்கும் இடையே சிறு வேறுபாடு இயல்பாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி, வண்டியின் அருகே செல்வோம். முதலில் டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, பின்னால் பூட்டிய கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். பிறகு முன் டயர்களைக் கவனியுங்கள். காற்றுக் குறைந்த டயர் தரையை அகலமாகக் கவ்விக்கொள்ளும். அதனைத் திருப்ப மிகுந்த விசை வேண்டும். காற்றின் அளவை வண்டியோடு வந்த கையேட்டின்படி நிரப்பிவிட்டு, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காற்றடித்ததோடு குறை நீங்கிவிட்டால், செலவு அவ்வளவே.

அடுத்து, முன் அச்சின் மூட்டுகள். கிங்பின் புஷ், டை ராடு முனை, பால் ஜாயிண்ட் ஆகியவை பல நாள் கிரீஸ் காணாமல், சேற்று நீரில் ஊறித் துருவேறி இறுகிக் கிடக்கலாம். முன் அச்சின் நடுவே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் உறுதியான தாங்குகட்டை கொடுத்துவிட்டு, சிலிண்டர் தண்டின் முனையைக் கழற்றுங்கள். அதன் பின் சக்கரங்களைக் கையால் இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். அவை தடையின்றி ஆட வேண்டும். இறுக்கம் தெரிந்தால் நோய் எண்ணெயில் இல்லை, இரும்பில் இருக்கின்றது. கிரீஸ் நிப்பிளின் துளை மண்ணால் அடைபட்டு, மேலே தடவிய கிரீஸ் உள்ளே செல்லாமல் இருப்பதும் உண்டு. பழைய கிரீஸ் மறுபுறம் பிதுங்கி வெளிவரும் வரை புதியதை ஏற்ற வேண்டும்.

சிலர் ஸ்டியரிங் கனம் குறையட்டும் என்று முன்பக்க எடைக்கட்டிகளைக் கழற்றிவிடுகின்றனர். இது பெரும் தவறு. பாரமேற்றிய டிரெய்லரை மேட்டில் இழுக்கும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அப்போது ஸ்டியரிங் பூப்போல இலேசாக இருக்கும். ஆனால், வண்டி சொன்ன பேச்சைக் கேளாது.

இரும்பில் குறை இல்லை என்று தெரிந்த பின்னரே எண்ணெயைப் பார்க்க வேண்டும். தொட்டியில் அளவு குறைந்திருந்தால் நிரப்புவதோடு நின்றுவிடாமல், குறைந்தது எங்கே போயிற்று என்றும் கேளுங்கள். வெளியே கசிவு தென்படாமல் எண்ணெய் நாள்தோறும் குறைகின்றதா? எஞ்சினின் பற்சக்கரத்தால் ஓட்டப்படும் பம்பாயின், எஞ்சின் ஆயில் அளவைக் காட்டும் கம்பியை எடுத்துப் பாருங்கள். அங்கே எண்ணெய் ஏறியிருந்தால், பம்ப் தண்டின் ஆயில் சீல் கிழிந்து, ஸ்டியரிங் எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்குகின்றது. இதனைக் கவனியாது விட்டால் எஞ்சினுக்கும் கேடு விளையும்.

எண்ணெயின் நிறமும் நமக்குச் செய்தி சொல்லும். பால்போல் வெளுத்திருந்தால் நீரோ காற்றோ கலந்திருக்கின்றது. கறுத்துக் கருகிய வாடை வீசினால் அளவு மீறிச் சூடேறியிருக்கின்றது. வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது மினுமினுப்பான துகள்கள் தெரிந்தால், உள்ளே உலோகம் தேய்கின்றது. எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதில் ஒரே விதி எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. சிலவற்றுக்குத் தனி ஹைட்ராலிக் எண்ணெய், சிலவற்றுக்குச் செந்நிறமான ஏ.டி.எஃப்., வேறு சிலவற்றுக்குக் கியர்ப் பெட்டியில் உள்ள எண்ணெயே. கையேடு சொல்வதை ஊற்றுங்கள். கடைக்காரர் கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். தொட்டியின் ஃபில்டரையும், அடியில் உள்ள வலைச் சல்லடையையும் கழற்றித் தூய்மை செய்தல் இதே வேளையில் முடிய வேண்டிய பணி.

உறுமலும் நுரையும் இருந்தால் காற்று புகுந்துள்ளது என்று அறியலாம். தொட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் உறிஞ்சு குழாயே பெரும்பாலும் இதற்கு வாயில். அக்குழாயில் எண்ணெய் வெளியே சிந்துவதில்லை. வெளிக்காற்றுதான் உள்ளே இழுக்கப்படுகின்றது. ஆதலால், கசிவு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சுழலும் பாகங்களிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, அக்குழாயின் இணைப்புகளில் கிரீஸைத் தடவுங்கள். ஒலி மாறினால் ஓட்டை அங்கேதான். பழைய ரப்பர்க் குழாயின் உட்புறத் தோல் பிரிந்து, வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு; வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கும். பம்ப் பெல்ட்டினால் ஓடுவதாயின், அதன் தளர்ச்சியையும் பளபளத்துப்போன உட்புறத்தையும் பாருங்கள்.

எண்ணெய் மாற்றிய பின் காற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டியை நிரப்பி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பலமுறை நிதானமாகத் திருப்புங்கள். இடையிடையே அளவைப் பார்த்து எண்ணெய் சேருங்கள். கோடியில் சில விநாடிகளுக்கு மேல் இறுக்கிப் பிடித்து வைக்காதீர்கள். எண்ணெய் விரைவில் சூடேறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் கனம் நீங்கவில்லை என்றால், அழுத்தமானி தேவைப்படுகின்றது. இந்நிலையில் பட்டறையின் துணையை நாடுவதே அறிவுடைமை. எனினும், அங்கே நடப்பது என்ன என்று வண்டியின் உரிமையாளரும் அறிந்திருத்தல் நலம். பம்பிலிருந்து ஆர்பிட்ராலுக்குச் செல்லும் குழாயில் மானியைக் கிளை இணைப்பாகப் பொருத்தி, எண்ணெய் சூடேறிய பின், வளையத்தைக் கோடிக்குத் திருப்பி, முள் காட்டும் அளவைக் கையேட்டின் அளவோடு ஒப்பிடுவார்கள். அளவு சரியாக இருந்தால் பம்பும் ரிலீஃப் வால்வும் குற்றமற்றவை. மீண்டும் முன் அச்சுக்கே செல்ல வேண்டும்.

முள் குறைவாகக் காட்டினால், எஞ்சினை அணைத்து, வளையத்தை இருபக்கமும் ஆட்டி அழுத்தத்தைத் தணித்த பின், சிலிண்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் கழற்றி, அவற்றின் வாயை அழுத்தம் தாங்கும் எஃகு அடைப்புகளால் மூடி, மறுபடியும் பார்ப்பார்கள். இப்போது அழுத்தம் ஏறினால், சிலிண்டரின் உட்புறச் சீல்கள் தேய்ந்து, ஒரு பக்கத்து எண்ணெய் மறுபக்கத்துக்கு வழிகின்றது. சீல் தொகுதியை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு செலவு. அப்போதும் ஏறாவிட்டால், எஞ்சினின் வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வேகத்தோடு அழுத்தமும் ஏறுமாயின் பம்பிலோ ஆர்பிட்ராலிலோ தேய்மானம் உள்ளது. எவ்வளவு வேகம் கூட்டினாலும் முள் ஒரே தாழ்ந்த அளவில் நின்றுவிடுமாயின், ரிலீஃப் வால்வு உரிய காலத்துக்கு முன்பே திறந்துகொள்கின்றது. அதன் இருக்கையில் ஒரு மண்துகள் சிக்கியிருந்தாலும் போதும், இது நேரும். கழற்றித் துடைத்துப் பொருத்தினால் சரியாகிவிடக்கூடிய குறைக்காகப் பம்பை எறிந்தவர்கள் உண்டு.

அழுத்தமானி இல்லாமல் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்க வேண்டும். அன்று ஸ்டியரிங் இலேசாகும். நாளை பழைய குழாய் வெடிக்கும். ஆர்பிட்ராலைப் பழக்கமில்லாதவர் பிரிப்பதும் ஆபத்தானது. அதன் உட்பற்சக்கரத்தை அடையாளம் பார்த்து உரிய நிலையில் பொருத்தாவிட்டால், எஞ்சினைக் கிளப்பியதும் வளையம் தானாகவே சுழலத் தொடங்கும். ஓட்டுபவரின் கையை முறித்துவிடவும் கூடும். பம்பையே மாற்ற நேர்ந்தாலும், பழைய துகள்கள் புதிய பம்பை அரிக்காதவாறு தொட்டியையும் குழாய்களையும் கழுவி, புது ஃபில்டரும் புது எண்ணெயும் இட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அழுத்தத்தில் உள்ள குழாயில் ஊசித்துளை போன்ற கசிவு இருந்தால், அதனைக் கையால் தடவித் தேடாதீர்கள். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும். வலிகூட முதலில் அதிகம் இராது. ஆனால், சில மணி நேரத்தில் விரலையோ கையையோ இழக்கும் நிலை ஏற்படலாம். உடனே அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்குச் சென்று, உள்ளே போனது ஹைட்ராலிக் எண்ணெய் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தால் போதும்; எண்ணெய்க் கறை இடத்தைக் காட்டிவிடும்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு தடையும் உண்டு, அது மொழி. பம்ப், சிலிண்டர், ஸ்டியரிங் என்னும் சொற்கள் எல்லாப் பட்டறைகளிலும் வழங்குவனவே. இடர்ப்பாடு வருவது, எப்போது கனக்கின்றது, எந்தப் பக்கம் கனக்கின்றது என்று சொல்லும் இடத்தில்தான். அதைச் சொல்லத் தெரியாத வேளையில் வெறுமனே தலையசைத்துவிடுகின்றோம். மெக்கானிக்கும் தமக்குத் தெரிந்த பம்பை மாற்றிவிடுகின்றார். இதில் அவரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. நோயாளி வாய் திறவாதபோது வைத்தியர் என்ன செய்வார்? நாம் வழங்கும் பாரம் என்ற சொல் இந்தியில் பாரி என்றும், கன்னடத்தில் பார என்றும், தெலுங்கிலும் மலையாளத்திலும் பாரம் என்றே வழங்குகின்றது. அதனோடு சூடு, குளிர், வலம், இடம் என்னும் நான்கு சொற்களை அவ்வூர் மொழியில் கற்றுக்கொண்டால் நோயின் குறியை முழுமையாகச் சொல்லிவிடலாம். நாம் முன்னர்க் கூறிய கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அறிந்தவர் ஒருவரைக் கொண்டு அவ்வூர் மொழியில் எழுதுவித்துப் பட்டறையில் கொடுப்பது இன்னும் சிறந்தது.

இக்கலையை முறையாகக் கற்க விரும்புவோருக்கு அரசாங்கப் பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் உள்ள புத்னியில் 1955ஆம் ஆண்டில் டிராக்டர் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஹரியானாவில் ஹிசார், ஆந்திரத்தில் அனந்தபூரை அடுத்த கார்லதின்னே, அஸ்ஸாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. உழவர்களுக்கும் யந்திரம் பழுது பார்ப்போருக்கும் அங்கே பயிற்சி அளிக்கப்படுகின்றது. அருகில் வாழும் நம் இளைஞர்கள் விசாரித்துச் சேர்ந்து பயன்பெறலாம்.

நேயர்களே, டயர், மூட்டு, எண்ணெய், காற்று, அழுத்தம் என்ற இவ்வரிசையை மறவாதீர்கள். முதல் நான்கையும் ஓர் உழவர் தம் களத்து மேட்டிலேயே ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம். ஐந்தாவதற்குப் பட்டறைக்குச் சென்றாலும், கேட்க வேண்டியதைத் தெரிந்துகொண்டே செல்லலாம். ஸ்டியரிங் சரியாகும் வரை பாரம் ஏற்றிச் சாலையில் ஓட்டாதிருப்பது மட்டும் நம் கையில் உள்ளது. ஒரு நடை கரும்பு ஒரு நாள் தாமதித்துப் போனாலும் ஆலை அங்கேதான் இருக்கும்.